இறந்தவர் மாற்றிய கியர்

சாலை ஒழுங்கு வாரியத்தில் சேர்ந்த முதல் நாள், வண்டிச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் அவன் கையில் பதினாறு பக்கச் சுற்றறிக்கை ஒன்றைக் கொடுத்து, நின்றுகொண்டே படிக்கச் சொன்னார்கள். உட்கார்ந்து படிக்கும் தகுதி ஓட்டுநர் பதவிக்கு உண்டா என்று கேட்டுக் கோப்பு மேலே போயிருந்தது. இன்னும் இறங்கி வரவில்லை.

அதற்கு முன் ஒன்பது வருடம் அவன் ஒரு பால் கம்பெனியில் வண்டி ஓட்டியவன். கண்ணாடிப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு குண்டும் குழியுமான தெருக்களில் போய் வந்தவன். பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்தை வைத்தே தன் கால் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்வான். இது தெரிந்ததும் வாரியத்தில் எல்லாரும் அவனைப் 'பால்வண்டி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான். யார் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பது அவன் வழக்கம்.

தலைவரின் வண்டி கறுப்பு நிறம். ஆள் உயரம். எட்டு கியரையும் தானே மாற்றிக்கொள்ளும். இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஒரு திருகு இருந்தது. அதில் நான்கு நிலைகள். எக்கோவில் வைத்தால் வண்டி சிக்கனமாகவும் சோம்பலாகவும் போகும். கம்ஃபர்ட்டில் வைத்தால் குழியில் இறங்கி ஏறியதே தெரியாது. ஸ்போர்ட்டில் ஸ்டியரிங் கனக்கும், அடியில் ஸ்பிரிங்குகள் விறைத்துக்கொள்ளும், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே வண்டி கேட்டதற்கு மேல் கொடுக்கும். ஸ்போர்ட் பிளஸ்ஸில் வண்டி தரையோடு தாழ்ந்து உட்கார்ந்துகொண்டு, மேல் கியருக்குப் போக மனமில்லாமல் ஒவ்வொரு கியரையும் எஞ்சின் கத்தும் வரை பிடித்து வைத்திருக்கும். டாஷ்போர்டு முழுவதும் சிவப்பாகிவிடும். வளைவுகள் நிறைந்த நல்ல சாலையில், நிதானமான கால் உள்ளவரிடம், அது அருமையான ஏற்பாடு. வண்டி சாயாது, தள்ளாடாது, சொன்ன இடத்தில் சொன்னபடி திரும்பும். அதைச் செய்தவர்கள் அதற்காகத்தான் செய்திருந்தார்கள்.

பதவிக்காகச் செய்திருக்கிறார்கள் என்று வாரியம் புரிந்துகொண்டது.

சுற்றறிக்கையின்படி தலைவருக்கு ஸ்போர்ட் பிளஸ். உறுப்பினர்களுக்கு ஸ்போர்ட். செயலாளருக்குக் கம்ஃபர்ட். மற்ற எல்லாருக்கும் எக்கோ. இருவர் சேர்ந்து போனால் மூத்தவரின் நிலை. தலைவர் வண்டியில் தூங்கிவிட்டாலும் அவருடைய நிலையை இறக்கக்கூடாது. தூக்கம் விடுப்பாகக் கருதப்படாது.

"புரிஞ்சுதா பால்வண்டி?" என்று கேட்டார் செயலாளர்.

"சார், ஐயா வீட்டு வாசல்ல இருந்து கேட் வரைக்கும் நாப்பது அடிதான். அதுக்கும் ஸ்போர்ட் பிளஸ்ஸா?"

"நாப்பது அடியில பதவி கொறஞ்சிடுமா?"

"இல்ல சார். வண்டி குதிக்கும்."

"குதிக்கட்டும். நாலு பேர் பாக்கணும். முன்னாடி இருந்த தலைவர் கம்ஃபர்ட்லதான் போனாரு. என்ன ஆச்சு? அவர் பேரு யாருக்காவது ஞாபகம் இருக்கா? எனக்கே இல்ல. நான் அவர்கிட்ட ஏழு வருஷம் செயலாளரா இருந்தவன்."

"எனக்கு முன்னாடி இருந்த டிரைவர் எப்படி சார் ஓட்டினாரு?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "மெத்தையா? அவர் ஓட்டினப்ப ஐயா ஒரு நாளும் குலுங்கினதில்ல. ஸ்போர்ட் பிளஸ்னாலே அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுட்டோம்."

பழைய ஓட்டுநரை எல்லாரும் 'மெத்தை' என்றே அழைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மதியம், தலைவரை இறக்கிவிட்டு, வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே வண்டியை நேராக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, திருகைக் கம்ஃபர்ட்டுக்குத் திருப்பிவிட்டு, இருக்கையிலேயே சாய்ந்து இறந்துபோயிருந்தார். மாலை வரை யாரும் எழுப்பவில்லை. மதியத்தில் ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பது அந்த அலுவலகத்தில் சந்தேகத்துக்குரிய காட்சி அல்ல.

*

வாரியம் ஒரு குன்றின் மேல் இருந்தது. தினமும் பதினொரு மணிக்குத் தலைவர் கீழே நகர அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். இறக்கத்தில் ஏழு வளைவுகள்.

முதல் நாள் இறங்கும்போதே அவன் ஒன்றை உணர்ந்தான். ஒவ்வொரு வளைவுக்கும் சற்று முன்னால், அவன் கால் பிரேக்குக்குப் போவதற்குள், வண்டி தானே ஒரு கியர் இறங்கி எஞ்சினாலேயே தன்னைப் பிடித்துக்கொண்டது. திடுக்கென்று அல்ல, அவ்வளவு மெதுவாக, ஸ்போர்ட் பிளஸ்ஸின் முரட்டுத்தனத்தையெல்லாம் யாரோ பொறுமையாகப் பேசிச் சமாதானம் செய்து வைத்ததுபோல. தெரிந்தவர் ஒருவர் நாலடி முன்னால் வழிகாட்டி நடந்துபோவது மாதிரி இருந்தது அவனுக்கு.

ஏழாவது வளைவைத் தாண்டியதும் சாலை நேராகிவிடும். அங்கேதான் தார் முடிகிறது. அரைக் கிலோமீட்டர் வெறும் மண். அது தன்னுடையது அல்ல என்று வாரியத்தின் கிழக்குக் கோட்டமும் மேற்குக் கோட்டமும் பதினொரு வருடமாக ஆதாரங்களோடு நிரூபித்து வருகின்றன. இரண்டு பக்கமும் கம்பிகள் கட்டி ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை உலர்த்தியிருந்தார்கள். ஒரே வெள்ளை.

வளைவே இல்லாத அந்த இடத்தில், அவன் கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கும்போதே, வண்டி கியரை இறக்கியது. நான்கு. மூன்று. இரண்டு. நீளமாக ஒரு பெருமூச்சு. காற்றில் விரிப்புகள் உப்பி, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நிற்பதுபோல் நின்றன. அவர்களுக்கு நடுவே வண்டி நடை வேகத்தில் போனது. மறுமுனையில், சிமெண்ட் தொட்டிப் பக்கத்தில் நின்றிருந்த ஒருத்தி ஈரக் கையைத் தூக்கி வண்டியைப் பார்த்து ஒரு சலாம் வைத்தாள். அதன்பின் வண்டி, வேலை முடிந்ததுபோல், மறுபடி வேகம் பிடித்தது.

"எதுக்கு ஸ்லோ பண்ணினே?" என்று பின் இருக்கையிலிருந்து தலைவர் கேட்டார்.

"நான் பண்ணலைங்க ஐயா."

"பின்னே யாரு?"

வண்டியில் நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தான். ஏனோ அதைச் சொல்ல அவனுக்குத் துணிவு வரவில்லை.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவன் பயந்துவிட்டான். வண்டி கியரை இறக்கத் தொடங்கிய நொடியில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினான். பால் வண்டியில் அது கொஞ்சம்தான். ஸ்போர்ட் பிளஸ்ஸில் அது கொஞ்சம் அல்ல. இரண்டாவது கியரில் இருந்த வண்டி, கயிற்றை அறுத்துக்கொண்ட காளைபோல் பாய்ந்தது. தலைவரின் தலை முதலில் பின்னாலும், அவன் பதறிப் பிரேக்கை மிதித்ததும் முன்னாலும் போய் வந்தது. கண்ணாடியில் பார்த்தான். செம்மண் புழுதி எழும்பி, நின்று யோசித்து, பிறகு அத்தனை வெள்ளை மேலும் மெதுவாக இறங்கியது. வண்டி ஏன் அங்கே மெதுவாகப் போகிறது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

நாலாம் நாள் அதே விரிப்புகள் மறுபடியும் வெள்ளையாகத் தொங்கின. அவள் அதே கையைத் தூக்கினாள். கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே இருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க முடியாது. செத்துப்போனவருக்கு வரும் மரியாதையைத் தான் வாங்கிக்கொண்டு போகிறோம் என்று அவனுக்கு உடம்பு கூசியது. அன்று முதல் அவன் இருக்கையில் சற்று ஒதுங்கியே உட்கார்ந்தான்.

தலைவருக்குக் கழுத்தில் பட்டை போட்டார்கள். தலையைத் திருப்பக்கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. அதற்கு முன்பும் அவர் யாரையும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆகவே வாரியப் பணிகள் எதுவும் பாதிக்கப்படவில்லை.

*

வண்டியைச் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. தலைவர் இல்லாமல் காலியாகப் போகும் வண்டிக்கு என்ன நிலை? சுற்றறிக்கையில் இல்லை. ஓட்டுநரை மட்டும் கணக்கில் எடுத்தால் எக்கோ. ஆனால் தலைவரின் வண்டி எக்கோவில் போனதாக வெளியே தெரிந்தால் என்ன ஆவது? சாவியைப் போட்டதும் தானாக வரும் நிலை கம்ஃபர்ட். அது தன்னுடையது என்று செயலாளர் ஆட்சேபித்தார். இரண்டு நாள் ஆலோசித்து, எஞ்சினையே போடாமல் இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துப்போனார்கள்.

சர்வீஸ் நிலையத்து மெக்கானிக் ஒரு இளம் பெண். வண்டியின் வயிற்றில் ஒரு ஒயரைச் செருகிக் கணினியில் பார்த்தாள்.

"வண்டி நல்லா இருக்கு சார். கியர்பாக்ஸ் டிரைவரோட காலைக் கத்துக்கும். எங்க விடறாரு, எங்க பிடிக்கறாரு, எல்லாம். வழியையும் ஞாபகம் வெச்சுக்கும். முன்னாடி ஓட்டினவர் நாலு வருஷம் அந்த எடத்துல ஒரு நாள் விடாம ஸ்லோ பண்ணியிருக்காரு. வண்டி அதையும் ஒரு வளைவுன்னு எடுத்துக்கிச்சு."

"அவர் செத்துப்போயிட்டாரும்மா."

அவள் கணினியிலிருந்து கையை எடுத்தாள். "இது பேய் இல்ல சார். பழக்கம்."

"ஆள் போனதுக்கு அப்புறமுமா?"

"ஆள் போனது பழக்கத்துக்கு எப்படித் தெரியும்?"

அழிக்க ஐந்து நிமிடம் போதும், வாரியம் எழுதிக் கொடுத்தால் செய்துவிடுகிறேன் என்றாள். அறிக்கையில் நேர்மையாக எழுதினாள்: வண்டியில் கோளாறு இல்லை, பழைய ஓட்டுநர் கியர் மாற்றும் விதத்திலேயே இப்போதும் கியர் மாறிக்கொண்டிருக்கிறது.

அந்த நேர்மைதான் வினையாயிற்று. செயலாளர் அதை மூன்று முறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ அவர் இன்னும் வேலைக்கு வந்துக்கிட்டிருக்காரு."

"சார்?"

"பதிவேட்டுல பேரு இல்ல. வருகைக் கையெழுத்து இல்ல. யாரோட உத்தரவும் இல்ல. தினம் பதினொண்ணு பத்துக்கு ஒரு ஆள் தலைவரோட வண்டியில கியர் மாத்தறாரு. இதைவிடப் பெரிய ஒழுங்கீனம் இருக்க முடியுமா? உயிரோட இருக்கறவங்களே இவ்வளவு நேரத்துக்கு வர்றதில்ல."

விசாரணைக்கு உத்தரவாயிற்று. அதற்குத் தேதி கிடைக்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை சாட்சியத்தை அழிக்கக்கூடாது என்பதால் வண்டியின் நினைவை யாரும் தொடவில்லை. தினமும் பதினொன்று பத்துக்கு வண்டி தானே கியரை இறக்கியது, தலைவர் முறைத்தார், பதிவேட்டில் அது ஏறியது. கடைசியில் மொத்தம் எழுபத்தொன்று.

*

குற்றப்பத்திரிகையை இறந்தவரின் முகவரியில் சேர்க்கும் வேலை அவனுக்கே வந்தது. ஊழியர் குடியிருப்பின் மூன்றாவது மாடி. இரண்டு அறை. சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்து இருந்தது. பழைய ஓட்டுநரின் மனைவி கதவைத் திறந்தாள். உள்ளே மகன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஆணியில் வெள்ளைச் சீருடைச் சட்டை ஒன்று, இஸ்திரி போட்டபடி தொங்கியது.

அவள் காகிதத்தை வாங்கி உரக்கவே படித்தாள். "எண் ஒன்று: காலமான பிறகு அனுமதியின்றி எழுபத்தொரு முறை கியர் மாற்றியது. எண் ரெண்டு: எக்கோ தகுதி மட்டுமே உள்ளவர், கம்ஃபர்ட் நிலையில் உயிர் விட்டது..."

முதலில் சிரித்தாள். பிறகு காகிதத்தை நாலாக மடித்தாள்.

"தம்பி, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு ஒரே ஒரு நாள் லீவு கேட்டாரு. குடுக்கல. இப்ப வராதேங்கறாங்க."

"அக்கா, நான் எழுதினது இல்லக்கா இது."

"தெரியும். உட்காருங்க. நின்னுக்கிட்டே இருக்கீங்களே."

உட்காரச் சொன்னதும் அவனுக்குக் கண் கலங்கியது. ஆபீசில் இன்னும் அந்தக் கோப்பு இறங்கி வரவில்லை.

"துணி காயற எடத்தைப் பத்தி வீட்ல எதாவது சொல்லுவாராக்கா?"

"வண்டிப் பேச்சே வீட்ல எடுக்க மாட்டாரு. தூக்கத்துல மட்டும் வலது கால் மெல்ல மேல வரும். மிதிக்காது. மேலதான் வரும். என்னங்க, யாரு குறுக்க வந்தான்னு கேப்பேன். யாரும் வரலம்மா, தூங்குன்னுவாரு."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் செயலாளர் அவனைத் தனியாக அழைத்து ஒரு தாளை நீட்டினார்.

"ஐயா கழுத்துக்கு யாராவது பொறுப்பு ஏத்துக்கணும். சுற்றறிக்கை மேல குத்தம் சொல்ல முடியாது. ஐயா கையெழுத்து இருக்கு. மிச்சம் ரெண்டு பேர். ஒண்ணு நீ, இன்னொண்ணு மெத்தை. ‘வேகத்தைக் குறைச்சது நான் இல்ல, முன்னாள் ஓட்டுநர்’னு இதுல ஒரு கையெழுத்துப் போடு. போதும். முன்தேதி போட்டு அவரை வேலையை விட்டுத் தூக்கிடுவோம். அவருக்கு அதனால என்ன நஷ்டம்? சொல்லு."

"அவர் வீட்ல இருக்காங்களே சார்."

"வேலையில இல்லாதவர் குடும்பம் குடியிருப்புல எப்படி இருக்க முடியும்? காலி பண்ணத்தான் வேணும். அடுத்த பேரு யாரு தெரியுமா லிஸ்ட்ல?" செயலாளர் அன்போடு சிரித்தார். "நீதான்."

*

அவன் வீடு ஒரே அறை. மழை பெய்தால் கட்டிலை நகர்த்த வேண்டும். மனைவி மகளின் பள்ளிச் சீருடைக்குக் கீழ் மடிப்பு தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டா வீடு நமக்கா?"

"ம்."

"எத்தனை ரூம்?"

"ரெண்டு. சமையலறை தனியா."

"ஜன்னல் இருக்கா?"

"கிழக்கால. காலையில நல்ல வெளிச்சம் வரும்."

ஊசி கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு நின்றது.

"அந்தம்மா எங்க போவாங்க?"

"தெரியல."

"பையன் என்ன படிக்கிறான்?"

"இந்த வருஷம்தான் பெரிய பரீட்சை."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "என்னங்க, அந்த ஜன்னல்ல நின்னு என்னால தலை வார முடியாது. நீங்க என்ன வேணா பண்ணுங்க. ஆனா அந்த வீட்ல நான் தலை வார மாட்டேன்."

"வேலை போயிடும்டி."

"பால் கம்பெனி அங்கயேதானே இருக்கு?"

*

விசாரணை நீள மேஜையில் நடந்தது. தலைவருக்குக் கழுத்து திரும்பாததால், பேசுகிறவர் பக்கம் அவருடைய நாற்காலியைத் திருப்ப ஒரு பியூனைப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்று அவனுக்கு, அவன் உட்காரக்கூடாது. இன்னொன்று இறந்தவருக்கு.

இன்னொரு பியூன் நடைவழியில் போய் நின்று கூப்பிட்டான். "முன்னாள் ஓட்டுநர்! முன்னாள் ஓட்டுநர்! முன்னாள் ஓட்டுநர் இருக்காரா?"

மூன்றாவது அழைப்பு நீண்ட நடைவழியின் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. எங்கோ ஒரு கதவு தானாகச் சாத்திக்கொண்டது. செயலாளர் காலி நாற்காலியைப் பார்க்காமல் எழுதினார்: மூன்று முறை அழைத்தும் வரவில்லை, விசாரணைக்கு ஒத்துழைக்க மறுக்கிறார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நான் கடுமையானவன் இல்ல. இறந்தவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. உயிரோட இருக்கறவங்களைவிட அதிகமாவே உண்டு. அவங்க மனு குடுக்கறதில்ல. ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு. இன்னிக்கு ஒரு டிரைவர் செத்தப்புறம் வேலை செய்வான். நாளைக்கு ஒரு தலைவர் செத்தப்புறமும் நாற்காலியை விடமாட்டேம்பான். அப்புறம் நமக்கு எப்ப எடம் கெடைக்கும்? நான் இந்த நாற்காலிக்காகப் பதினாலு வருஷம் ஒருத்தர் இருமறதைக் கேட்டுக்கிட்டு வெளிய உட்கார்ந்திருந்தவன்."

பேச்சைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

"பால்வண்டி, கையெழுத்துப் போடு," என்றார் செயலாளர்.

அவன் பேனாவைத் தொடவில்லை. "மெதுவாப் போனது நான்தாங்க ஐயா."

பியூன் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினான்.

"வண்டி தானா போகுதுன்னு மெக்கானிக் எழுதியிருக்காங்களே?"

"அவங்க வண்டியைத்தான் பார்த்தாங்க. என் காலைப் பார்க்கல. ஐயா கழுத்து சுளுக்கினதும் என் காலாலதான்."

அது முழு உண்மை அல்ல. முழுப் பொய்யும் அல்ல. கொஞ்ச நாளாகவே, அந்த இடம் வந்ததும் வண்டி கியரை இறக்கும்போது அவன் காலும் சேர்ந்தே மேலே வந்துகொண்டிருந்தது. எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரியாது. கடவுளுக்குத் தெரிந்திருக்கும், அவரை விசாரணைக்கு அழைக்கவில்லை.

"எதுக்காக அங்க மெதுவாப் போனே?"

"துணி காயுதுங்க ஐயா. புழுதி பட்டா அத்தனையையும் திரும்பத் தோய்க்கணும்."

"என்ன துணி? நாலு வருஷமா அந்த வழியாப் போறேன். நான் பார்த்ததில்லையே?"

"ஸ்போர்ட் பிளஸ்ல போறவங்க வெளிய பார்க்க வேண்டியதில்லைங்க ஐயா," என்றார் செயலாளர் பணிவாக.

தீர்ப்பு அன்றே எழுதப்பட்டது. தலைவரின் பயணத்தை அனுமதியின்றி எழுபத்தொரு முறை தாமதப்படுத்தியதும், கழுத்துக்குச் சேதம் விளைவித்ததும் தற்போதைய ஓட்டுநரே. அவர் தலைவரின் வண்டியிலிருந்து இறக்கப்பட்டுக் கோப்பு வண்டிக்கு மாற்றப்படுகிறார். குடியிருப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்படுகிறது. முன்னாள் ஓட்டுநர் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்படுகின்றன. அவர் குடும்பம் விதிப்படி குடியிருப்பில் தொடரலாம். அவர் இனிமேல் பணிக்கு வராமல் இருக்க வேண்டும். வண்டியின் நினைவு அழிக்கப்பட வேண்டும்.

*

அழிப்பதற்கு வண்டியைக் கொண்டுபோனதும் அவன்தான். அதே பெண் ஒயரைச் செருகினாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றான்.

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தான். எழுபத்தொரு நாள் பக்கத்தில் இருந்தவரிடம் விடைபெற அவனுக்கு வார்த்தை பழக்கமில்லை. அந்தப் பெண் எதையோ தேடுகிறவள்போல் முதுகைக் காட்டிக்கொண்டு கருவிப் பெட்டியைக் கிளறினாள். அவன் இறங்கும் வரை அந்தக் கருவி அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தாள். நாலு நிமிடத்திலேயே முடிந்துவிட்டது.

தலைவரின் வண்டிக்குப் புதிய ஓட்டுநர் வந்தான். செயலாளரின் அக்கா மகன். ஸ்போர்ட் பிளஸ் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. பிறவியிலேயே அவன் கால் அப்படித்தான்.

பால்வண்டிக்குக் கிடைத்த கோப்பு வண்டி மிகப் பழையது. திருகு கிடையாது, நிலை கிடையாது. கியரைக் கையால் தள்ள வேண்டும்; மூன்றாவது கியர் விழும்போது முழங்கை வலிக்கும். முதல் நாள் குன்றிலிருந்து அவன் இறங்கி, ஏழாவது வளைவைத் தாண்டியபோது, மண் பாதை முழுவதும் புழுதி. தலைவரின் வண்டி சற்று முன்தான் போயிருக்கிறது. புழுதிக்குள் விரிப்புகள் பழுப்பாகத் தொங்கின. அவள் ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள்.

அவன் வண்டியை நிறுத்தி இறங்கினான். ஒன்றும் கேட்காமல் மறுபக்கத்து விரிப்புகளை உருவ ஆரம்பித்தான்.

"நீங்க யாருண்ணே?" என்றாள்.

"அந்தக் கறுப்பு வண்டி ஓட்டினவன். போன வாரம் வரைக்கும்."

"ஓ. நீங்கதானா ரெண்டாவது ஆளு."

அவன் கையிலிருந்த விரிப்பு அப்படியே நின்றது. "அவர் போனது உனக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரித் துணி தோய்க்கறவங்களுக்கு ஊர்ல யாரு போனாலும் தெரிஞ்சிடும்ணே." அவள் ஒரு விரிப்பைக் காற்றில் உதறினாள். "அவர் போயிட்டாரு, இனிமே நம்ம துணி அவ்வளவுதான்னு நெனச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு வண்டி மறுபடி வர ஆரம்பிச்ச மூணாம் நாள் ஒரு தடவை மண்ணு அடிச்சுது. அப்புறம் பார்த்தா நீங்களும் மெதுவாப் போனீங்க."

"நான் இல்லம்மா. சத்தியமா நான் இல்ல. அது அவர்தான். வண்டி அவரை ஞாபகம் வெச்சிருந்துச்சு. நீ கை தூக்கினப்பல்லாம் எனக்கு உள்ள இருக்கவே முடியல."

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. "நான் யாருன்னா பார்த்துக் கை தூக்கறேன்? மெதுவாப் போற வண்டிக்குத் தூக்கறேன்."

இருவருமாகத் துணிகளைத் தொட்டியில் போட்டார்கள். எண்பத்திரண்டு விரிப்பு. இரவுக்குள் உலர்ந்து வார்டுக்குப் போக வேண்டும்.

"நாளைக்கும் அந்த வண்டி இப்படித்தான் வருமாண்ணே?"

"வரும். பதினொண்ணு பத்துக்கு."

"அப்போ நான் என்ன பண்றது? பதினொரு மணி வெயில்தான் எனக்கு வெயிலு."

அவன் பாதையின் அகலத்தைப் பார்த்தான். கம்பிக்கால்களுக்கு நடுவே ஒரு வண்டி போகலாம். இரண்டு வண்டி போக முடியாது.

மறுநாள் பதினொன்று எட்டுக்கு ஏழாவது வளைவுக்கு முன்னால் கோப்பு வண்டி ஓரமாக நின்றது. பின்னால் கறுப்பு வண்டியின் உறுமல் கேட்டதும் அவன் கிளம்பினான். தார் முடியும் இடத்தில் கையால் கியரை இறக்கினான். நான்கு. மூன்று; முழங்கை வலித்தது. இரண்டு. கோப்பு வண்டி மண்ணில் ஒரு நடைக்காரனின் வேகத்தில் இறங்கியது. பின்னால் தலைவரின் வண்டி ஸ்போர்ட் பிளஸ்ஸில், டாஷ்போர்டு முழுவதும் சிவப்பாக, ஸ்பிரிங்குகள் விறைத்து, முதல் கியரை விடாமல் பிடித்துக்கொண்டு, கத்திக் கத்தி, அதே நடைக்காரனின் வேகத்தில் வந்தது. ஹாரன் அடித்தார்கள். நீளமாக அடித்தார்கள். பிறகு, ஹாரன் அடித்தாலும் பாதை அகலமாகாது என்பது தெரிந்ததாலோ என்னவோ, நிறுத்திவிட்டார்கள்.

காற்று வந்தது. வெள்ளை விரிப்புகள் இரண்டு பக்கமும் உப்பி எழுந்து, யாரோ ஒருவர் போவதற்கு வழிவிட்டு நிற்பதுபோல் நின்றன. அவன் பக்கத்தில் யாரும் இல்லை. பின்னால் வரும் வண்டியிலும் இனி அவர் இல்லை. புழுதி எழவில்லை.

தொட்டிப் பக்கத்திலிருந்து அவள் ஈரக் கையைத் தூக்கினாள். அவனும் இந்த முறை கையைத் தூக்கினான். அவள் கையை இறக்காமல் அப்படியே வைத்திருந்து, பின்னால் வந்த கறுப்பு வண்டிக்கும் காட்டினாள். அதுவும் மெதுவாகத்தானே போகிறது.

அவன் கண்ணாடியில் பார்த்தான். கறுப்பு வண்டியின் பின் இருக்கைக் கண்ணாடி, நான்கு விரல் அளவுக்குக் கீழே இறங்கியது.